வீட்டில் சொல்ல முடியாத பேய்

'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொடரின் இரண்டாவது எபிசோடில் ஒரு காட்சி வரும். பஃபி சம்மர்ஸுக்குப் பதினாறு வயது. அன்றிரவு அவள் வெளியே போயே ஆக வேண்டும், போகாவிட்டால் ஊர் முழுக்க ரத்தக்காட்டேரிகளுக்கு இரையாகும். அந்த நேரம் பார்த்து அம்மா ஜாய்ஸ் அறைக்குள் வருகிறார். மகள் வகுப்புகளுக்குப் போகவில்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்திருக்கிறது. இன்று வெளியே போகக் கூடாது என்கிறார். பஃபி கெஞ்சுகிறாள். அம்மா அலுப்போடு பதில் சொல்கிறார்: தெரியும், நீ போகவில்லையென்றால் உலகமே அழிந்துவிடும், பதினாறு வயதில் எல்லாமே உயிர் போகிற விஷயம்தான்.

அம்மா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. உலகம் அன்றிரவு அழியத்தான் இருந்தது. ஆனால் அது உண்மை என்று அம்மாவுக்கும் தெரியாது, மகளாலும் சொல்ல முடியாது. அம்மா போன பிறகு பஃபி தன் பெட்டியைத் திறக்கிறாள். மேல் தட்டில் அந்த வயதுப் பெண்ணின் சாமான்கள். அதைத் தூக்கினால் கீழே ஒரு மறைவறை: சிலுவை, பூண்டு, புனித நீர், கூராகச் சீவிய மரக்கட்டைகள். எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக இறங்கிவிடுகிறாள்.

அமானுஷ்யத் தொடர்களில் பதின்ம வயதுப் பாத்திரங்கள் ஏன் நம்மை இப்படிப் பிடித்து உட்கார வைக்கிறார்கள் என்று கேட்டால் பலரும் ஒரு பதில் சொல்வார்கள். பேய் என்பது பருவ வயதுச் சிக்கலின் உருவகம், பள்ளிக்கூடம்தான் நரகம், என்று. தப்பில்லை. பஃபியைப் படைத்த ஜோஸ் வீடனே அதைத்தான் சொல்லிவந்தார். சன்னிடேல் என்ற அந்தக் கற்பனை ஊரின் பள்ளி நூலகத்துக்கு அடியில் நரகத்தின் வாய் இருக்கிறது என்பதே கதையின் அடிப்படை. ஆனால் உருவகம் மட்டும் போதாது. உருவகத்தைப் புரிந்துகொண்டு ரசிக்கலாம், அதற்காக நெஞ்சு பதறாது. எனக்குப் பதறியது வேறொன்றுக்காக. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. பதின்ம வயதில் எல்லாருக்கும் அப்படி ஒன்று இருந்தது. அமானுஷ்யக் கதை அதற்குக் கோரைப்பல் வைத்துக் கண்முன் நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

பெரியவர் ஒருவர் பேயைப் பார்த்தால் போலீசைக் கூப்பிடலாம், சாமியாரைக் கூப்பிடலாம், வீட்டைக் காலி செய்யலாம். பதினாறு வயதுக்காரி மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். ராத்திரி எங்கே போனாய் என்ற கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். அவளிடம் பணம் இல்லை, வண்டி இல்லை, நம்பும்படி பேசுகிற அதிகாரம் இல்லை. பயம் இரண்டு மடங்காவது இங்கேதான்.

பஃபி 1997 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் தொடங்கி 2003 மே 20 அன்று முடிந்தது. ஏழு சீசன், 144 எபிசோட். அதற்கு முன்னால் 1992-ல் அதே பெயரில் ஒரு திரைப்படம் வந்திருந்தது, பெரிதாக எடுபடவில்லை. தொடரில் பஃபியாக நடித்தவர் சாரா மிஷெல் கெல்லர். லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தைக் கொளுத்தியதற்காக வெளியேற்றப்பட்டு, அம்மாவோடு புது ஊருக்கு வருகிறாள் பஃபி. கூடம் முழுக்க ரத்தக்காட்டேரிகள் இருந்தன, அதனால் கொளுத்தினாள். பள்ளி ஆவணத்தில் அந்தக் காரணம் இருக்காது அல்லவா? கொளுத்தியது மட்டும்தான் இருக்கும். புதுப் பள்ளியின் முதல்வர் முதல் நாள் பெருந்தன்மையோடு அந்தப் பழைய ஆவணத்தைக் கிழிக்கிறார். கிழிக்கும்போதே உள்ளே எழுதியிருப்பது கண்ணில் பட, துண்டுகளைத் திரும்ப ஒட்டத் தொடங்குகிறார். விவாகரத்துக்குப் பிறகு தனியாக மகளை வளர்க்கும் ஜாய்ஸ் கையில் இருப்பதும் அதே ஆவணம்தான். அந்த அம்மாவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. கையில் இருக்கும் தகவலை வைத்துக்கொண்டு அவர் செய்ததெல்லாம் எந்த நல்ல அம்மாவும் செய்வதுதான்.

முதல் சீசன் பன்னிரண்டே எபிசோட். மேக்கப் மலிவு, சண்டைக் காட்சிகளில் டூப் போட்டது தெரியும். ஆனால் அதிலேயே 'அவுட் ஆஃப் மைண்ட், அவுட் ஆஃப் சைட்' என்று ஒரு எபிசோட் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மாணவர்களைத் தாக்குகிறது. முதலில் பேய் என்று தேடுகிறார்கள். அது மார்சி என்ற மாணவி. யாருமே அவளைக் கவனிக்காததால் மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டவள். வகுப்பில் கை தூக்குகிறாள், ஆசிரியர் பார்க்கவில்லை. மறுபடி தூக்குகிறாள். ஒரு கட்டத்தில் தூக்கிய கையின் ஊடே பின்னால் இருப்பது தெரிகிறது.

வேறு எந்தத் தொடராக இருந்தாலும் இங்கே கொடுமைக்காரப் பணக்காரப் பெண்களைக் குற்றவாளியாக்கி முடித்திருப்பார்கள். இதில் மார்சியின் ஆண்டு மலர் கிடைக்கிறது. பிரியும்போது நண்பர்கள் எழுதித் தருகிற பக்கங்கள் எல்லாவற்றிலும் ஒரே வரி, கோடை விடுமுறை நன்றாக அமையட்டும் என்று. முகம் தெரியாதவர்களுக்கு எழுதுகிற வரி. அதை எழுதியவர்களில் வில்லோவும் சாண்டரும் இருக்கிறார்கள். பஃபியின் உயிர்த்தோழர்கள், பள்ளியில் தாங்களே ஒதுக்கப்பட்டவர்கள், நாம் இத்தனை வாரமாக நேசித்த பிள்ளைகள். மார்சியோடு அவர்கள் வகுப்புகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அவளை நினைவில்லை.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வகுப்பில் அப்படி யார் இருந்தார்கள் என்று யோசித்தால் முகம் வரவில்லை. வராமல் இருப்பதுதானே விஷயம். பின்னால் கொர்டீலியா, பள்ளியின் பிரபலமான பெண், பஃபியிடம் ஒன்று சொல்வாள். என்னைச் சுற்றிக் கூட்டம் இருப்பதால் தனிமை இல்லை என்று நினைத்துவிடாதே, பாதி நேரம் அவர்களுக்கு என்னைப் பிடிக்கிறதா என்றே எனக்குத் தெரியாது, என்று. அதுவரை பிடிவாதக்காரியாகவும் வாயாடியாகவும் வந்த பெண் அந்த ஒரு பேச்சில் மனுஷியாகிவிடுகிறாள். பார்க்கப்படாத பெண்ணும் எல்லாரும் பார்க்கிற பெண்ணும் ஒரே கதையில், ஒரே வலியோடு.

அதே சீசனில் 'தி விட்ச்'. ஏமி என்ற பெண்ணின் அம்மா ஒரு காலத்தில் பள்ளியின் சியர்லீடிங் நட்சத்திரம். தன் பழைய பெருமையைத் திரும்ப வாழ்வதற்காகச் சூனியம் வைத்து மகளின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறார். மகள் அம்மாவின் உடம்பில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறாள். பிள்ளையின் மூலம் தான் மறுபடி ஜெயிக்கத் துடிக்கும் பெற்றோரைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஏன் யாரிடமும் சொல்வதில்லை என்பதை இவ்வளவு நேராகக் காட்டியது குறைவு. அவள் வாயே அவளிடம் இல்லையே.

இனி 'இன்னொசன்ஸ்'. இரண்டாம் சீசன், 1998 ஜனவரி 20. பஃபிக்குப் பதினேழு வயது முடிந்திருக்கிறது. அவள் காதலிக்கும் ஏஞ்சல் ஒரு ரத்தக்காட்டேரி, ஆனால் சாபத்தால் ஆன்மா திரும்பக் கிடைத்தவன். ஒரு கணம் முழு மகிழ்ச்சி அடைந்தால் ஆன்மா போய்விடும் என்பது சாபத்தின் நிபந்தனை. அது அவர்கள் யாருக்கும் தெரியாது. பிறந்தநாள் இரவு இருவரும் சேர்கிறார்கள். காலையில் அவன் வேறொருவன். அவளைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கிறான், அவளுக்கு இன்னும் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுபோல் பேசுகிறான். சாபத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். உலகம் முழுக்க எத்தனை பெண்களுக்கு நடந்தது இது. நேற்று இரவு வரை கெஞ்சியவன் காலையில் முகம் மாறிப்போனது. தப்பு தன்மேல்தான் என்று அந்தப் பெண் நம்பியது. பஃபிக்கு நடந்ததில் அது நிஜமாகவே அவள் செயலின் விளைவு என்றும் ஆகிவிடுகிறது, கொடுமை அதுதான்.

அந்த எபிசோடில் எனக்கு முக்கியமானவை கடைசியில் வரும் இரண்டு சின்னக் காட்சிகள். ஒன்று, காரில் ஜைல்ஸோடு. ஜைல்ஸ் பள்ளி நூலகர், பஃபிக்குப் பயிற்சி தருபவர், அவளுக்குக் கிட்டத்தட்ட அப்பா. அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். அவர் திட்டுவார் என்று அவள் காத்திருக்கிறாள். அவர் திட்டவில்லை. உன்னைக் குற்றம் சொல்லி நான் பேசப்போவதில்லை, என்னிடமிருந்து உனக்குக் கிடைப்பது ஆதரவும் மரியாதையும்தான், என்கிற மாதிரிச் சொல்கிறார். இன்னொன்று வீட்டில். அம்மா ஒரு சின்ன கேக்கில் மெழுகுவத்தி ஏற்றிக் கொண்டுவருகிறார். பிறந்தநாளுக்கு என்ன செய்தாய் என்று கேட்க, வயதாகிவிட்டது என்கிறாள் மகள். எனக்கு நீ அப்படியேதான் தெரிகிறாய் என்கிறார் அம்மா. ஏதாவது வேண்டிக்கொள் என்றதும், எரியட்டும் விடு என்று அம்மாமேல் சாய்ந்துகொள்கிறாள்.

அம்மாவின் அன்பில் குறை ஏதுமில்லை. மகள் சாய்ந்துகொள்ளத் தோள் இருக்கிறது. சொல்லத்தான் வழியில்லை. ஒரே சோபா, நடுவில் அவ்வளவு தூரம். இந்தக் காட்சி வேலை செய்வதற்கு அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயதாக இருக்க வேண்டும். முப்பது வயதுப் பெண் என்றால் அம்மாவிடம் சொல்லாதது அவள் முடிவு. பதினேழில் அது முடிவே இல்லை, வேறு வழியில்லாமை.

அதே சீசனின் கடைசி எபிசோட் 'பிகமிங்' இரண்டாம் பாகத்தில் ரகசியம் உடைகிறது. அம்மாவின் கண்முன்னால் ஒரு ரத்தக்காட்டேரி தூளாகிறது. மகள் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மா கேட்கிற கேள்விகளைக் கவனியுங்கள். உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? அப்படி இல்லாமல் இருந்து பார்த்தாயா? வீட்டில் அப்பா இல்லாததால் இப்படியா? தன்பால் ஈர்ப்பைப் பற்றி வீட்டில் சொன்ன பிள்ளைகள் பலர் கேட்ட அதே கேள்விகள். இதை எழுதியவர்கள் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள். கடைசியில் இந்த வாசலைத் தாண்டிப் போனால் திரும்பி வராதே என்கிறார் அம்மா. உலகத்தைக் காப்பாற்ற மகள் போகிறாள். அன்றே பள்ளியிலிருந்தும் நீக்கப்பட்டவள், காப்பாற்றிவிட்டு ஊரைவிட்டே பஸ் ஏறுகிறாள். ஜாய்ஸ் தன் வார்த்தைக்காக அடுத்த சீசனில் வருந்துகிறார். அவரைத் தொடர் கைவிடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மூன்றாம் சீசனில் பெற்றோர் தரப்பையும் ஒரு தடவை முழுசாகத் திருப்பிப் பார்த்தார்கள். 'ஜிஞ்சர்பிரெட்' எபிசோடில் ஊர் அம்மாக்கள் ஒன்றுகூடி, பிள்ளைகளைக் கெட்ட சக்திகளிடமிருந்து காப்பாற்ற ஒரு அமைப்பு தொடங்குகிறார்கள். லாக்கர்களைச் சோதிக்கிறார்கள், நூலகப் புத்தகங்களைப் பறிக்கிறார்கள், கடைசியில் சொந்த மகள்களையே கம்பத்தில் கட்டிக் கொளுத்தப் போகிறார்கள். அதில் வில்லோவின் அம்மா வருவார். பெரிய படிப்புப் படித்தவர். மகள் முடி வெட்டியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறார். அவள் வெட்டிப் பல மாதம் ஆகிவிட்டது. மகள் தான் சூனியம் பழகுவதை ஒப்புக்கொண்டு சொன்னபோதுகூட, பருவ வயதில் இப்படிச் சிலருக்கு ஏற்படும் என்று ஆய்வுக் கட்டுரை பாணியில் விளக்கம் சொல்கிறார். இந்தப் பிள்ளை மறைக்கவே இல்லை. வாய்விட்டுச் சொன்னாள். கேட்கிற காதுதான் இல்லை. சொல்ல முடியாமை என்று நான் சொன்னதில் இதுவும் சேர்த்தி. பிள்ளை வாயைத் திறக்காதது பாதி, பெரியவர்கள் காதில் ஏறாதது மீதி.

அதே சீசனில் 'இயர்ஷாட்' என்று ஒன்று. பஃபிக்குத் திடீரென்று எல்லாருடைய மனசிலும் ஓடுவது கேட்க ஆரம்பிக்கிறது. நடைபாதையில் நடந்தால் ஒரு பள்ளி அளவு வலி காதில் விழுகிறது. அதில் ஒரு குரல், நாளை எல்லாரையும் கொல்லப்போவதாகச் சொல்கிறது. மணிக்கூண்டில் துப்பாக்கியோடு நிற்கும் ஜொனாதன் என்ற பையனை அவள் கண்டுபிடிக்கிறாள். இரண்டாம் சீசனிலிருந்து ஓரமாக வந்துபோன பையன், யாரும் பெயர் கேட்காதவன். அவன் வந்தது தன்னைத்தானே சுட்டுக்கொள்ள. பஃபி அவனிடம் அங்கே பேசுவதன் சாரம்: உன் வலியை அவர்கள் பொருட்படுத்தாமல் இல்லை, அவரவர் வலியின் சத்தத்தில் யாருக்கும் உன்னுடையது கேட்கவில்லை.

1999 ஏப்ரல் 20-ல் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்த எபிசோட் ஒளிபரப்பாக ஒரு வாரம்தான் இருந்தது. நிறுத்திவைத்தார்கள். செப்டம்பரில்தான் வெளிவந்தது. அந்தத் துயரத்தின் நடுவே நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சமூகம் தன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை, அது நடப்பதற்கு முன்பே, ரத்தக்காட்டேரித் தொடர் ஒன்று கேட்டிருந்தது. ஒரு வகுப்பறையில் யார் குரல் யாருக்குக் கேட்கிறது என்று.

அந்த ஜொனாதன்தான் 'தி ப்ராம்' எபிசோடில் மேடையேறி மைக்கைப் பிடிக்கிறான். பள்ளியில் நடப்பதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை, ஆனால் தெரியாமல் இல்லை, என்கிற பொருளில் தொடங்குகிறான். சன்னிடேல் பள்ளியின் வரலாற்றிலேயே மிகக் குறைவான பேர் இறந்த வகுப்பு எங்களுடையது என்று சொல்லி, பஃபிக்கு ஒரு குடையைப் பரிசாகத் தருகிறார்கள். அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் யாரும் அவளிடம் சொன்னதில்லை. இரண்டு பக்கத்து மௌனமும் ஒரே நேரத்தில் உடைகிறது. அதுவரை வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகளின் தனிமையைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் குடையின் கனம் தெரியும்.

எல்லா மௌனமும் வலி இல்லை என்பதையும் இந்தத் தொடர் அறிந்திருந்தது. 'தி ஜெப்போ'வில் மற்றவர்கள் எல்லாரும் உலக அழிவைத் தடுக்கும் வேலையில் மும்முரமாக இருக்கிறார்கள். சிறப்புச் சக்தி எதுவும் இல்லாத சாண்டரை, காயப்படுவாய், ஒதுங்கி இரு என்று விலக்கிவைக்கிறார்கள். அதே இரவு அவன் தனியாக, பள்ளியின் அடித்தளத்தில் வெடிக்கவிருந்த குண்டைத் தடுக்கிறான். அவன் இல்லையென்றால் நண்பர்கள் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். மறுநாள் அவர்கள் தங்கள் இரவைப் பற்றிப் பேச, இவன் வாயைத் திறக்கவில்லை. கொர்டீலியா வழக்கம்போல் குத்திப் பேசுகிறாள், சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறான். சொல்ல வேண்டிய தேவை போய்விட்டது. வளர்வது என்பதை இப்படியும் எழுதலாம் என்று அதைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

நான்காம் சீசன் எனக்குச் சுமார்தான். பஃபி கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், அம்மாவுக்கு எல்லாம் தெரியும், எதிரிகளாக ராணுவ ஆய்வுக்கூடமும் அங்கே தைத்து உருவாக்கிய ஓர் அரக்கனும். சண்டை பெரிதாகிறது, மனசுக்குள் எதுவும் நுழையவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் பயமும் இல்லை. அந்தச் சீசனில் உயிரோடு இருப்பது வில்லோவின் கதை. டாரா என்ற பெண்ணை அவள் காதலிக்கத் தொடங்கி, அதைப் பஃபியிடம் சொல்லும் காட்சியில் பஃபி தடுமாறுகிறாள். எழுந்து நிற்கிறாள், என்ன சொல்வது என்று தெரியாமல் நல்லது நல்லது என்கிறாள். பக்குவமான தோழி போல் வசனம் பேச வைக்காமல், அந்த வயதில் நிஜமாக எப்படி நடக்குமோ அப்படி எழுதியிருக்கிறார்கள். வில்லோவும் டாராவும் திரையில் முத்தமிட்டுக்கொள்ள ஐந்தாம் சீசன் வரை ஆனது. அதுவரை அவர்கள் சேர்ந்து செய்யும் மந்திரங்கள்தான் அவர்களின் நெருக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த முத்தம் வரும் எபிசோட் 'தி பாடி', 2001 பிப்ரவரி 27. ஜாய்ஸ் இறந்துவிடுகிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பு. பேய் இல்லை, சாபம் இல்லை, பழிவாங்க யாரும் இல்லை. எபிசோட் முழுக்கப் பின்னணி இசையே கிடையாது. பஃபி வீட்டுக்குள் வந்து அம்மாவைக் கூப்பிடுகிறாள், சோபாவில் அம்மா கிடக்கிறார். அப்புறம் விடுதி அறையில் வில்லோ, துக்கத்துக்குப் போக எந்தச் சட்டையைப் போடுவது என்று தெரியாமல் ஒன்று மாற்றி ஒன்று எடுத்து உடைந்துபோகிறாள். டாரா அவளைத் தேற்றும்போதுதான் அந்த முத்தம். தங்கை டானிடம் பஃபி போய்ச் சொல்லும் காட்சியில் நாம் வகுப்பறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். வார்த்தைகள் கேட்கவில்லை, அந்தச் சிறு பெண் சரிவது மட்டும் தெரிகிறது. இத்தனை வருடம் சாவோடு சண்டை போட்ட பிள்ளைகள் இவர்கள், வீட்டுச் சாவு வந்தபோது மற்ற பிள்ளைகள் போலத்தான் நின்றார்கள்.

அதற்கடுத்த சீசனில் எழுத்தாளர்கள் ரகசியத்தின் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். முந்தைய சீசனின் முடிவில் இறந்துபோன பஃபியை நண்பர்கள் மந்திரத்தால் திரும்பக் கொண்டுவருகிறார்கள். நரகத்திலிருந்து மீட்டதாக அவர்களுக்குப் பெருமிதம். அவள் இருந்தது சொர்க்கத்தில். அவர்களிடம் எப்படிச் சொல்வது? எதிரியாக இருந்த ஸ்பைக்கிடம் மட்டும் சொல்கிறாள். கடைசியில் 2001 நவம்பரில் வந்த 'ஒன்ஸ் மோர், வித் ஃபீலிங்'கில், ஊர் மொத்தத்தையும் பாட வைக்கும் பேய் ஒன்று வருகிறது. பாட ஆரம்பித்தால் உள்ளே பூட்டி வைத்தது தானாக வெளியே வரும். அவள் பாடும்போது உண்மையும் வந்துவிடுகிறது. வீட்டில் பெற்றோர் இல்லாத நிலையில், அன்பு காட்டுகிற நண்பர்களே சொல்ல முடியாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. கொர்டீலியாவாக நடித்த கரிஸ்மா கார்ப்பென்டர் 2021 பிப்ரவரியில், வீடன் படப்பிடிப்பில் தன்னை எப்படி நடத்தினார் என்று வெளிப்படையாக எழுதினார். பஃபி சம்மர்ஸின் பெயரோடு தன் பெயர் இருப்பது பெருமை, வீடனின் பெயரோடு என்றென்றும் சேர்க்கப்படுவதை விரும்பவில்லை என்றார் கெல்லர். டானாக நடிக்கத் தொடங்கியபோது பதின்ம வயதிலிருந்த மிஷெல் டிராக்டன்பர்க்கும் அப்போதைய அனுபவம் பற்றிப் பேசினார். வீடன் பின்னர் ஒரு நேர்காணலில் குற்றச்சாட்டுகள் சிலவற்றை மறுத்தார். திரையில் மௌனத்தின் வலியை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தொடரில் நடித்தவர்கள், வெளியே இருபது வருடம் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் இனி பார்க்க முடியும், பார்க்க வேண்டும். கூடவே இதையும் தெரிந்துகொள்வது நியாயம்: 'இயர்ஷாட்'டை எழுதியவர் ஜேன் எஸ்பென்சன். 'ஜிஞ்சர்பிரெட்' அவர் இன்னொரு எழுத்தாளரோடு சேர்ந்து உருவாக்கியது. 'தி ப்ராம்' மார்ட்டி நாக்சனுடையது. இந்தத் தொடர் ஒரு ஆளின் சொத்து இல்லை.

இந்தச் சொல்ல முடியாமை பஃபியோடு நிற்கவில்லை. 'தி வாம்பயர் டயரீஸ்' பார்த்தவர்களுக்கு நாயகி எலீனாவின் சித்தி ஜென்னாவை நினைவிருக்கும். அக்காவும் மாமாவும் விபத்தில் போன பிறகு பிள்ளைகளை வளர்க்க வந்தவர். அவர் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எல்லாரும் அவரிடம் மறைக்கிறார்கள். தெரியவரும்போது தப்பிக்க நேரமில்லை. அந்தத் தொடரில் எத்தனையோ பேர் செத்துச் செத்துப் பிழைப்பார்கள், எனக்கு வலித்தது இந்த ஒரு சாவுதான்.

ஜென்னா அவ்வளவு வலித்ததற்குக் காரணம் நானும் ஒரு சித்தி என்பதாக இருக்கலாம். என் அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்துதான் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் சீசனைப் பார்த்தேன். 2022-ல் வந்தது. ஹாக்கின்ஸ் என்ற கற்பனை ஊரில் வெக்னா என்ற ஒன்று பதின்ம வயதினரைக் கொல்கிறது. யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள். முதல் பலி கிறிஸ்ஸி, பள்ளியே கொண்டாடும் சியர்லீடர். உடம்பைப் பற்றி அம்மா சொன்ன சொல் உள்ளே அறுத்துக்கொண்டிருக்க, கழிவறையில் வாந்தி எடுப்பவள். அதன் குறிகளில் இன்னொருத்தி மாக்ஸ். அம்மாவின் மறுமணத்தால் அண்ணனான பில்லி கண்முன்னால் இறந்ததைப் பார்த்தவள். அவன் நல்லவன் இல்லை, அவன் தொலைய வேண்டும் என்று இவளே வேண்டியதுண்டு. அந்தக் குற்ற உணர்ச்சியை யாரிடம் சொல்வது? அம்மா இரண்டு வேலை பார்த்துக் களைத்துக் குடியில் விழுந்துகிடக்கிறார். பள்ளிக் கவுன்சிலர் கேட்டால் நன்றாகத் தூங்குகிறேன் என்கிறாள். தலைவலி, கெட்ட கனவு, மூக்கில் ரத்தம், எல்லாம் இருக்கிறது. வெக்னா மோப்பம் பிடிப்பது சொல்லாமல் வைத்திருக்கும் அதைத்தான்.

அந்தக் கவுன்சிலர் காட்சியில் அக்கா மகள் போனைக் கீழே வைத்துவிட்டாள். "சித்தி, இத பாரு. 'ஐ யாம் ஃபைன்'னு சொல்றா பாரு. எங்க கிளாஸ்ல எல்லாரும் இப்படித்தான் சொல்லுவோம்" என்றாள். நீயுமா என்று கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும் என்று தெரியும். "அப்புறம் என்ன ஆகுது பாப்போம்டி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, டியூஷனில் தன் தோழி ஒருத்தி அழுததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

மாக்ஸ் தன் நண்பர்களுக்கும் வீட்டுக்கும் கடிதங்கள் எழுதி, தனக்கு ஏதாவது ஆனால் திறந்து பார்க்கும்படி தருகிறாள். பேசத் தெரியாத வயது எழுதிப் பார்க்கிறது. அவளை மீட்பது வாளோ மந்திரமோ இல்லை, கேட் புஷ் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' என்ற ஒரு பாட்டு. அவளுக்குப் பிடித்த பாட்டு எது என்று அவளுடைய நண்பர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் பிழைக்கிறாள். 1985-ல் வெளிவந்த அந்தப் பாட்டு இந்தக் காட்சிக்குப் பிறகு, 37 வருடம் கழித்து, பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. ஓடியது சண்டைக் காட்சியின் புகழால் அல்ல, ஒரு பெண்ணை அவள் நண்பர்கள் அறிந்து வைத்திருந்தார்கள் என்ற நிம்மதியால், என்று நான் நம்புகிறேன்.

இந்தத் தொடரிலும் ஒரு ஜாய்ஸ் உண்டு, ஜாய்ஸ் பயர்ஸ். முதல் சீசனில் காணாமல் போன மகன் வில் விளக்குகள் வழியாகப் பேசுகிறான் என்று நம்பி, சுவரில் எழுத்துகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு கிறிஸ்துமஸ் விளக்கைத் தொங்கவிட்டவர். ஊரே அவருக்குப் பைத்தியம் என்றது. சன்னிடேல் ஜாய்ஸுக்கு மகள் பக்கத்தில் இருந்தும் கேட்கவில்லை, ஹாக்கின்ஸ் ஜாய்ஸுக்கு மகன் வேறு உலகத்தில் இருந்தும் கேட்டது. அந்த முதல் சீசனுக்கு இருந்த உயிர் இந்த அம்மாதான். பின்னால் அரக்கர்கள் பெரிதாகப் பெரிதாக அந்த உயிர் சில இடங்களில் தேய்ந்தது. மாக்ஸ் வந்துதான் அதை மீட்டாள்.

ஒரு சின்னக் குறையையும் சொல்லிவிடுகிறேன். பஃபியில் பதினாறு வயது கொர்டீலியாவாக வந்த கார்ப்பென்டருக்குத் தொடர் தொடங்கியபோது இருபத்தாறு வயது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 2016-ல் நிஜமான சிறுவர்களோடு தொடங்கி, அவர்கள் கதையைவிட வேகமாக வளர்ந்துவிட்டார்கள். இரண்டிலும் சில காட்சிகளில் கண் உறுத்தும். எழுத்து சரியாக இருக்கும்போது அந்த உறுத்தல் சில நிமிடத்தில் மறந்துபோகிறது.

பார்க்காதவர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், பஃபியின் முதல் சீசனிலிருந்தே தொடங்குங்கள், இணையத்துக்குள் பேய் புகும் 'ஐ, ரோபாட்... யூ, ஜேன்' மட்டும் தாண்டிவிடலாம். இரண்டாம் சீசனின் நடுவில் 'இன்னொசன்ஸ்' வரும்வரை பொறுமை வேண்டும். சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்தவர்கள் 'தி பாடி'யை இப்போது பார்க்க வேண்டாம். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் கூடவே உட்காருங்கள், நடுவில் கேள்வி மட்டும் கேட்காதீர்கள். என் அக்கா மகளோடு அடுத்து நான் பார்க்கப்போவது 'தி ஜெப்போ'. சாண்டரை அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.